வெப்பாற்றியும் காற்றுத் தூம்பும்

வானூர்தியைத் தம் இல்லத்திலேயே கட்டிப் பறப்போர் இன்று பல நாடுகளில் உளர். அமெரிக்க நாட்டு மில்வாக்கி நகரில் 1953ஆம் ஆண்டு பால் போபரெஸ்னி என்பார் தோற்றுவித்த சோதனை வானூர்திக் கழகம் இத்தகையோர்க்குத் தாயகமாய் விளங்கி வருகின்றது. ஓர் ஊர்தியின் ஆக்கத்திற் பெரும்பகுதியைக் கல்வி கருதியோ பொழுதுபோக்குக் கருதியோ தாமே செய்து முடித்தமையைக் காட்டுவார்க்கு அந்நாட்டரசு தனிவகைச் சான்று வழங்குகின்றது. இங்ஙனம் கட்டுவோருட் சிலர், காற்றாற் குளிரும் வானூர்திப் பொறியை விடுத்து, நீராற் குளிரும் மோட்டார் வண்டிப் பொறியைத் திருத்திப் பொருத்துகின்றனர். அதன் விலை குறைவு. உறுப்புகளும் எளிதிற் கிடைக்கும். ஆயின் அப்பொறியோடு வெப்பாற்றியும் உடன் வந்து சேர்கின்றது. அதனை எவ்வளவினதாக அமைப்பது, அதற்குக் காற்றை எவ்வழியாற் கொணர்வது, எவ்வழியாற் போக்குவது என்னும் வினாக்களுக்கு விடை காணாமையால், ஏனைய எல்லாவற்றானும் செவ்விதின் அமைந்த ஊர்திகள் ஏறும்போதே கொதித்து இறங்க நேர்வதுண்டு. ஒற்றைப் பொறி ஊர்தியிற் குளிர்நீர் முற்றும் வெளியேறிவிடின், அப்பொறி ஓடும் காலத்தைச் சில நிமிடங்களாகவே எண்ண வேண்டும்.

இப்பொருள் தமிழாராய்ச்சி இதழுக்கு உரியதோ எனச் சிலர் ஐயுறலாம். கலைச்சொல்லாக்கம் பற்றி நாம் பேசுவன பெரும்பாலும் சொற்பட்டியலளவில் நின்றுவிடுகின்றன. ஒரு பொருளை முதலிலிருந்து முடிவு வரை தமிழில் விளக்கிப் பார்த்தாலன்றி எச்சொல் நிற்கும், எச்சொல் வழுக்கும் என்பது புலனாகாது. இக்கட்டுரை அத்தகைய முயற்சிகளுள் ஒன்றாகும்.

முதற்கண் 'ரேடியேட்டர்' என்னும் பெயரையே நோக்குவோம். கதிர்வீசுவது என்பது அச்சொல்லின் பொருள். நம் கலைச்சொற் பட்டியல்களிலும் 'கதிர்வீசி' என்னும் பெயர்ப்பு இடம்பெற்றுள்ளது. அது சொல்லுக்குச் சொல் சரியே, பொருளுக்குப் பிழை. மூலப் பெயரிலேயே உள்ள பிழை அது. 35 செ.மீ. சதுரமான முகமுடைய வெப்பாற்றி ஒன்று 100 பாகை வெப்பத்தில், 40 பாகை வெப்பமுள்ள சூழலில் இருப்பதாகக் கொள்வோம். அதன் இரு முகங்களிலிருந்தும் கதிராக வெளிப்படும் வெப்பம், கணக்கிட்டால், 135 வாட் அளவினது. அவ்வாற்றி போக்க வேண்டிய வெப்பமோ 40,000 வாட். ஆகவே கதிராற் போவது ஏறத்தாழ முந்நூற்றில் ஒரு பங்கே. எஞ்சியது முழுமையும், தகடுகளைத் தொட்டுச் செல்லும் காற்று சுமந்து செல்வது. தமிழில் 'ஆற்றுதல்' என்பது இதனையே சுட்டும். காய்ந்த பாலை ஒரு கலத்திலிருந்து மறு கலத்திற்கு உயர்த்தி ஊற்றி ஆற்றும் பெண், பாலின் பரப்பை விரித்துக் காற்றின்மேற் படரவிடுகின்றாள். வெப்பத்தைக் காற்று கொண்டு செல்கின்றது. வெப்பாற்றியின் தொழிலும் அதுவே. ஆதலின் 'வெப்பாற்றி' என்பதே ஈண்டு ஆளப்படும். கதிர்வீசி என்னும் பெயரை நம்புவார், அதனை வெளியே நிறுத்திவிட்டால் அது தானே தன் வெப்பத்தைப் போக்கிக்கொள்ளும் எனக் கருதக்கூடும். ஆற்றி என்பார்க்குக் காற்று எங்கே என்னும் வினா உடனே எழும்.

இனி அளவு காண்போம். எரிபொருளின் ஆற்றலில் ஏறத்தாழக் காற்பங்கே பொறியின் அச்சிற்கு வருகின்றது. எஞ்சியதிற் பெரும்பகுதி புகையோடு போகின்றது. ஒரு பகுதி குளிர்நீருக்குச் செல்கின்றது. நீராற் முழுதும் குளிரும் பொறிகளிற் குளிர்நீர் ஏற்கும் வெப்பத்தை அச்சுத்திறனிற் பாதி அல்லது அதனிற் சிறிது மிகுதி எனக் கொள்ளலாம். ரோட்டாக்ஸ் 912 போன்ற பொறிகளில் உருளைத் தலைகள் மட்டுமே நீராற் குளிர்வன. உருளைகள் காற்றாற் குளிர்வன. அவற்றிற்கு இவ்வளவு வேண்டா. நாம் 100 குதிரைத்திறன், அஃதாவது ஏறத்தாழ 75 கிலோவாட் திறனுள்ள மோட்டார் வண்டிப் பொறியை எடுத்துக்கொள்வோம். முழுத்திறனில் ஏறும்போது அதன் குளிர்நீர் போக்க வேண்டிய வெப்பம் 40 கிலோவாட். வெளிக்காற்று 40 பாகை. குளிர்நீர் 100 பாகை. இடைவெளி 60 பாகை. அவ்விடைவெளியில் ஐந்தில் மூன்று பங்கு, அஃதாவது 36 பாகை, காற்று சூடேறி வெளிப்படுமாயின் அவ்வாற்றியை நல்லதெனலாம். ஒரு கிலோகிராம் காற்றை ஒரு பாகை சூடேற்ற ஒரு கிலோஜூல் வேண்டும். எனவே நொடிக்கு 1.1 கிலோகிராம் காற்று தேவை. அவ்வெப்ப நிலையில் அதன் பருமன் ஏறத்தாழ ஒரு கன மீட்டர். நொடிதோறும் ஒரு கன மீட்டர் காற்று என்னும் இவ்வளவை நினைவிற் கொள்க.

ஊர்தி மணிக்கு 120 கி.மீ. விரைவில் ஏறுகின்றது, அஃதாவது நொடிக்கு 33 மீட்டர். அவ்விரைவிலேயே காற்று உட்புகுமாயின் 300 சதுர செ.மீ. வாய் போதும், 17 செ.மீ. சதுரம் என்க. ஒரு பெரிய புத்தகத்தின் அட்டையளவுகூட இல்லாத இவ்வாயைக் கண்டு புதிதாகக் கட்டுவோர் நம்ப மறுப்பர். மோட்டார் வண்டியின் முகப்பை நோக்கிப் பழகிய கண் அது. வாயைப் பெரிதாக்கினாற் குளிர்ச்சி மிகும் என்னும் எண்ணம் இத்துறையிற் காணப்படும் தவறுகளுள் தலையாயது.

வாய் சிறிதாயினும் ஆற்றி சிறிதாதல் கூடாது. காரணம் விரைவைப் பற்றியது. ஆற்றியின் குழல்களும் தகடுகளும் அடுக்கிய பகுதியை அடுக்கு என்போம். அதனூடு காற்றின் விரைவை இருமடங்காக்கினால், அது கொள்ளும் வெப்பம் ஒன்றரை மடங்கு அளவிற்கே உயரும். அடுக்கினுள் ஏற்படும் அழுத்த இழப்போ மூன்று நான்கு மடங்காகும். இழக்கும் திறன் என்பது அழுத்த இழப்பைக் காற்றின் பருமனாற் பெருக்கிய தொகையாதலின், அது ஆறு முதல் எட்டு மடங்கு வரை செல்லும். பெறுவது ஒன்றரை, கொடுப்பது ஏழு. ஆகவே காற்று அடுக்கினுள் மெல்ல நடத்தல் வேண்டும். நொடிக்கு 8 மீட்டர் என வைத்தால், ஒரு கன மீட்டர் காற்றுக்கு அடுக்கின் முகம் 35 செ.மீ. சதுரமாதல் வேண்டும். வாயைப்போல் அது நான்கு மடங்கு பரப்பினது. விரைந்து வந்த காற்றை விரிந்த இடத்திற் புகவிட்டுத் தளரச் செய்து, அடுக்கினூடு நடத்திப் பின் மீண்டும் ஒடுக்கி விரைவு பெறச் செய்து வெளியே விடுதல் வேண்டும். இதனைச் செய்வது தூம்பு.

தூம்பு என்னும் சொல்லை ஈண்டு ஆண்டமைக்குக் காரணம் கூற வேண்டும். உட்டுளையுடைய நீள்பொருளுக்கும், ஏரியின் நீர் வெளிப்படும் வழிக்கும், சங்க நூல்கள் கூறும் இசைக்கருவி ஒன்றிற்கும் அப்பெயர் உண்டு. குழாய் என்பது ஒரே பருமனுடைய உருளையை நினைப்பிக்கும்; வானூர்தியின் காற்றுவழியோ வாய்குறுகி, வயிறு பருத்து, மீண்டும் ஒடுங்குவது. ஏரித் தூம்போடு அதற்குள்ள உறவு பெயரளவினதன்று என்பது பின்னர் விளங்கும்.

தூம்பின்றி ஆற்றியை வெளியில் நிறுத்தினால் என்ன கேடு? வானூர்தி கட்டுவோர் வரலாற்றிலேயே இதற்கு எடுத்துக்காட்டு உண்டு. மினசோட்டா மாநிலத்துச் செரி குரோவ் என்னும் சிற்றூரினரான பெர்னார்டு பீட்டன்போல், போர்டு நிறுவனத்து 'மாடல் ஏ' வண்டியின் 40 குதிரைத்திறன் பொறியைப் பொருத்தி 1929இல் ஓர் ஊர்தியைப் பறக்கவிட்டார். அதன் வரைபடங்கள் 1932இல் வெளிவந்தன. அம்முறையில் இன்றும் கட்டுவோர் உளர். அதன் வெப்பாற்றி பொறிக்குப் பின்னே, இருக்கைக்கு முன்னே, நெஞ்சை நிமிர்த்தி நிற்கும். மெல்லப் பறக்கும் அவ்வூர்திக்கு அது பெருங்குற்றமன்று. ஆயின் நாம் கொண்ட 35 செ.மீ. சதுர ஆற்றியை, மணிக்கு 200 கி.மீ. விரைவிற் செல்லும் ஊர்தியில் அவ்வாறு நிறுத்தின் நேர்வதைப் பார்ப்போம். அவ்விரைவில் மோதழுத்தம், அஃதாவது ஓடும் காற்றை முற்றும் தடுத்து நிறுத்தினால் மிகும் அழுத்தம், 1,740 பாஸ்கல். எதிர்ப்புக் கெழு 0.8 எனக் கொண்டால் ஆற்றியின் காற்றெதிர்ப்பு 170 நியூட்டன். அதனை வெல்ல வேண்டும் திறன் 9.5 கிலோவாட், பன்னிரண்டு குதிரைத்திறனுக்கு மேல். நூறு குதிரை பூட்டிய தேரிற் பன்னிரண்டு குதிரைகள் அத்தேரின் தண்ணீர்ப் பானையை இழுப்பதற்கே உழைப்பது போன்றது இது. அதே ஆற்றியைத் தூம்பினுள் வைத்துப் பயணத்திறனில் ஓட்டினால், அடுக்கினுள் இழக்கும் திறன் 100 வாட் அளவினதே. தூம்பின் பிற இழப்புகளைச் சேர்த்து ஐந்து மடங்காக்கினும் ஒரு குதிரைத்திறனை எட்டாது. உறையின் புறத்தெதிர்ப்பு தனி. அது வடிவத்தைப் பொறுத்தது.

காற்றெதிர்ப்பை அறவே நீக்கும் முயற்சியும் ஒரு காலத்து நிகழ்ந்தது. 1931இல் ஷினைடர் பரிசை வென்று, அதே ஆண்டு செப்டம்பர் 29இல் மணிக்கு 407.5 மைல் விரைவு கண்ட சூப்பர்மரீன் எஸ்.6பி ஊர்தியில், சிறகுகளின் மேற்றோலும் மிதவைகளின் மேற்றோலுமே வெப்பாற்றியாய் அமைந்தன. அறிவுக்கு விருந்து, அன்றாட ஆட்சிக்கு ஒவ்வாதது. மெல்லிய இரட்டைத் தோலில் ஒரு கசிவு நேரினும் பறத்தல் முடிந்தது.

தூம்பின் உண்மையை முறைப்பட ஆராய்ந்து கூறியவர், இங்கிலாந்தில் பார்ன்பரோ வானூர்தி நிலையத்தைச் சார்ந்த மெரிடித் என்பார். 1935இல் அவர் எழுதிய குறிப்பின் கருத்து இது: காற்றைத் தளரச் செய்து அழுத்தம் மிகுத்து, அவ்வழுத்தத்தில் வெப்பமேற்றி, விரைவோடு பின்னே விட்டால், ஆற்றி வாங்கும் எதிர்ப்பிற் பெரும்பகுதியை அவ்வெப்பமே ஈடுசெய்யும், விரைவு மிக மிக எதிர்ப்பு நீங்கி உந்துவிசையும் தோன்றலாம். 1940ஆம் ஆண்டு அக்டோபர் 26இல் முதன்முதற் பறந்த மஸ்டாங் போர்வானூர்தியின் அடிவயிற்றுத் தூம்பு இக்கொள்கைக்குப் புகழ்பெற்ற சான்றாயிற்று. அத்தூம்பு உண்மையில் எவ்வளவு உந்தியது என்பது பற்றி அறிஞர்களிடை இன்றும் கருத்து வேறுபாடு உண்டு.

இப்புகழே வீட்டிற் கட்டுவோரை மயக்குகின்றது. தம் ஊர்தியின் வெப்பாற்றியும் உந்துவிசை தரும் என நம்பித் தூம்பமைப்போர் சிலர். தரவில்லையென்று தூம்பையே கைவிடுவோர் சிலர். இரண்டும் வழியல்ல. கணக்கே இதனைத் தெளிவாக்கும். வெப்பத்தில் எத்துணைப் பங்கு உந்துதிறனாக மாறக்கூடும் என்பதனை அழுத்த மிகுதியே வரையறுக்கின்றது. 7,000 மீட்டர் உயரத்தில் மணிக்கு 640 கி.மீ. விரைவிற் செல்லும் மஸ்டாங்கிற்கு அப்பங்கின் மேலெல்லை ஏறத்தாழ 6 விழுக்காடு. அதன் பொறி குளிர்நீருக்கு ஈவது பல நூறு கிலோவாட். ஆகவே பெறுவதும் பொருட்படுத்தத் தக்கது. நம் ஊர்திக்கோ, 200 கி.மீ. விரைவில், அவ்வெல்லை அரை விழுக்காடு. பயண வெப்பம் 30 கிலோவாட். இழப்பேதும் இல்லையெனினும் வருவது 150 வாட், அஃதாவது ஒரு குதிரைத்திறனில் ஐந்தில் ஒரு பங்கு. இதற்காகத் தூம்பு வேண்டா. மேற்கண்ட பன்னிரண்டு குதிரைத்திறனை இழவாமைக்கே தூம்பு வேண்டும். மெரிடித்தின் குறிப்பில் உந்துவிசை பற்றிய பகுதியே பலர் நாவில் வழங்குகின்றது. காற்றைத் தளரச் செய்க என்னும் பகுதியே நம்மனோர்க்குப் பயன்படுவது.

தூம்பின் உறுப்புகளில் வாய் எளிது. அதன் உதடு உருண்டு தடித்திருத்தல் வேண்டும். ஏறும்போது ஊர்தி மூக்கை உயர்த்துதலாற் காற்று சாய்ந்து வரும். கூரிய உதடாயின் அங்கேயே பிரிந்து சுழலும். உடலை ஒட்டி வரும் காற்று உராய்வினாற் சோர்ந்து ஒரு படலமாய்ச் செல்வது. எல்லைப் படலம் எனப்படும் அச்சோர்ந்த காற்று வாயினுட் புகாதவாறு, வாயை உடலினின்று சிறிது விலக்கி வைத்தல் வேண்டும். மஸ்டாங்கின் வாய்க்கும் வயிற்றுக்கும் இடையே காணும் இடைவெளி அதற்காகவே விடப்பட்டது. அழகு கருதி உடலுட் பதித்த வாயை விரும்புவோர், அப்படலம் தடித்த பின்னுடலில் அதனை அமைத்து ஏமாறுகின்றனர்.

வாய்க்கும் அடுக்குக்கும் இடைப்பட்ட விரிதூம்பே அரிய பகுதி. காற்றை விரிவடையச் செய்தல் ஒடுக்குதலைப்போல் எளிதன்று. சுவர் மெல்ல அகலுமாயிற் காற்று உடன் அகலும். விரைந்து அகலுமாயிற் சுவரை விட்டுப் பிரிந்து நடுவே தாரையாய் ஓடும். அடுக்கின் நடுப்பகுதி மட்டும் காற்றுப் பெறும். மூலைகள் சூடாகவே நிற்கும். முகம் பெரிதாயிருந்தும் பயன் சிறிதாகும். நூல்கள் கூறும் பாதுகாப்பான விரிகோணம் இரு சுவர்க்கும் சேர்த்து 7 பாகை அளவினது. 17 செ.மீ. வாய் 35 செ.மீ. முகமாக அக்கோணத்தில் விரிய எவ்வளவு நீளம் வேண்டும் என்று பார்த்தால், ஒன்றரை மீட்டர் வருகின்றது. சிறிய ஊர்தியில் அதற்கு இடமேது? இங்கேதான் பலர் மனந்தளர்ந்து, கிடைத்த இடத்தில் ஒரு பெட்டியைச் செய்து முடிக்கின்றனர்.

இச்சிக்கலை அவிழ்த்தவர்களுள் டீட்ரிக் கூகெமான், யோகன்னா வேபர் என்னும் இருவர் குறிக்கத்தக்கவர். ஜெர்மனியிற் காட்டிங்கனில் ஆராய்ச்சி நிகழ்த்திப் போருக்குப் பின் பார்ன்பரோவிற் பணியாற்றிய இவர்கள், 1953இல் வெளியிட்ட உந்துவியல் நூலில் ஆற்றித் தூம்புகளை விரிவாக ஆய்ந்துள்ளனர். அடுக்கே ஒரு தடை. அத்தடை தனக்கு முன்னுள்ள காற்றைப் பக்கங்களுக்குப் பரப்பும் இயல்புடையது. எனவே முதலில் மெல்ல விரிந்து, அடுக்கை அணுகும் இடத்திற் குழலூதியின் வாய்போல் விரைந்து அகலும் சுவர், நீளம் குறைந்ததாயினும் பிழைபடாது. இவ்வடிவத்தை வீட்டிற் கட்டுவோர் இழைநாராலும் பிசினாலும் எளிதில் வார்த்துக்கொள்கின்றனர். அடுக்கிற்கும் தூம்பிற்கும் இடையே விளிம்பில் விரலிடுக்களவு இடைவெளி விட்டாலும் போதும், இத்துணை உழைப்பும் வீணாகும். காற்று எளிய வழியையே நாடும்.

வெளிவாய் பற்றிப் பலர் கருதுவதே இல்லை. நான் மதகு என்று சொல்வது இதனையே. ஏரி எத்துணைப் பெரிதாயினும் மதகு திறந்த அளவே வாய்க்காலில் நீர் ஓடும். மிகுந்தது கலிங்கு வழியே வழியும். தூம்பினூடு செல்லும் காற்றின் அளவை உறுதி செய்வதும் வெளிவாயே. அது சிறிதாயின் முன்வாயை எத்துணை அகற்றினும் குளிர்ச்சி மிகாது. புகமாட்டாத காற்று உதட்டின்மேல் வழிந்து எதிர்ப்பையே மிகுக்கும். ஏறும்போது 300 சதுர செ.மீ. காற்று வேண்டிய ஊர்திக்குப் பயணத்தில், திறன் முக்காலாகி விரைவும் மிகுதலால், 130 சதுர செ.மீ. போதும். ஒரே வெளிவாய் இரண்டு நிலைக்கும் பொருந்துமாறு இல்லை. கீலிட்ட கதவு ஒன்று வேண்டும். ஏறும்போது திறக்கவும் பயணத்திற் சாத்தவும் அது பயன்படும். சூடான காற்று ஊர்தி செல்லும் திசைக்கு நேர் எதிராக, உடலை ஒட்டி வெளியேறுமாறு அமைத்தல் நன்று. கீழ்நோக்கிக் கொட்டும் வெளிவாய் எதிர்ப்பைப் பெருக்கும்.

நீரின் பக்கம் சில சொற்கள் போதும். நீரும் கிளைக்காலும் செம்பாதியான கலவை ஏறத்தாழ உறைநிலைக்குக் கீழ் 37 பாகை வரை உறையாது. ஆயின் தனி நீரைவிட வெப்பம் சுமக்கும் வன்மை அதற்குக் குறைவு. நம் பொறிக்கு, ஆற்றியில் 8 பாகை குளிருமாறு, நிமிடத்திற்கு 80 லிட்டருக்குக் குறையாமல் ஓடுதல் வேண்டும். அழுத்தமூடி இன்றியமையாதது. கலத்தின் மிக உயர்ந்த இடத்தில் விரிவுக்கலம் அமைந்து, ஊர்தி எந்நிலையிற் சாயினும் காற்றுக்குமிழி அங்கே சென்று சேர வழியிருத்தல் வேண்டும். தரையில் நிற்கும்போது தூம்பிற்கு மோதழுத்தம் இல்லை. உந்துவிசிறியின் காற்று எட்டாத இடத்தில் ஆற்றியை வைப்போர் மின்விசிறி ஒன்றை உடன் அமைப்பர்.

கட்டி முடித்தபின் தூம்பு செம்மையாய் உள்ளதா என்று அறிய விலையுயர்ந்த கருவி வேண்டா. ஒளிபுகும் நெகிழ்குழாயை வளைத்து நிறநீர் நிரப்பி, ஒரு முனையை அடுக்கின் முன்னும் மறு முனையை அதன் பின்னும் வைத்தால் அடுக்கினுள் நிகழும் அழுத்த வீழ்ச்சி நீர்மட்ட வேறுபாடாய்த் தோன்றும். மணிக்கு 120 கி.மீ. விரைவில் மோதழுத்தம் முழுமையும் 6.4 செ.மீ. நீர், 200 கி.மீ. விரைவில் 17.7 செ.மீ. நீர். அடுக்கின் முன்முகத்தில், வெளிநிலை அழுத்தத்தோடு ஒப்பிட்டு, இவற்றில் ஐந்தில் நான்கு பங்கு கிடைப்பின் விரிதூம்பு தன் கடமையைச் செய்கின்றது எனலாம். பாதியும் கிடைக்கவில்லையெனில், காற்று பிரியும் இடத்தை வாயிலோ சுவரிலோ தேடுக. முன்னும் பின்னும் அழுத்தம் ஒத்து நிற்குமாயின் மதகு அடைபட்டுள்ளது. முகத்தின் நடுவிலும் நான்கு மூலைகளிலும் தனித்தனியே அளந்து பார்த்தல் வேண்டும்; ஒன்றுக்கொன்று மிக வேறுபடின், பெரிய ஆற்றி வாங்குவதற்கு முன் விரிதூம்பின் சுவரை மாற்றிப் பார்க்க.